நபீஸா பயணம் சொல்லாத வீடு

கப்பலைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் எங்கள் தெருவில் என்னிடம்தான் வர வேண்டும். ஆண்கள் போய் வந்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்களிடம் கேட்டால் மக்கத்தைச் சொல்வார்கள், மதீனத்தைச் சொல்வார்கள். கப்பலில் சட்டியை எங்கே கழுவுவது, ஈரச் சேலையை எங்கே காயப்போடுவது என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. சட்டியைக் கழுவியிருந்தால்தானே!

அதனால் நோன்புப் பெருநாள் கழிந்து, மாரி மழையும் பிடித்து, ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டால், காத்தான்குடிப் பெண்கள் ஒவ்வொருத்தியாக இந்த ஹவ்வா உம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்வார்கள். நானும் சும்மா சொல்வதில்லை. ஏசி ஏசித்தான் சொல்வேன். ஏசாமல் சொன்னால் இவர்களுக்கு மண்டையில் ஏறாது.

ஜெர்மன்காரனின் சண்டை தொடங்குவதற்கு முந்திய மாரியில், போகிறவர்களில் என் தங்கை நபீஸாவும் ஒருத்தி. அவளும் அவள் புருஷன் பதியுதீனும் போகிறார்கள் என்று ஊரே பேசியது. அவள் மட்டும் என்னிடம் வரவில்லை. எங்கள் உம்மா வளவை இரண்டாக்கி எனக்குப் பாதி, அவளுக்குப் பாதி சீதனமாகத் தந்தவர். நடுவில் ஒரு கிடுகு வேலிதான். அவள் தேங்காய் துருவினால் எனக்குக் கேட்கும். ஆனாலும் நாங்கள் பேசிச் சில வருஷமாகியிருந்தது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நானும் என் புருஷன் அப்துல் கபூரும் ஹஜ்ஜுக்குப் போனோம். திரும்பும் வழியில் அவருக்கு வயிற்றோட்டம் கண்டு, கப்பலிலேயே மவுத்தாகிவிட்டார். கரை கிட்டடியில் இல்லை. கடலில்தான் அடக்கினார்கள். நான் தனியே ஊர் வந்து, வெள்ளை உடுத்து, புருஷன் மவுத்தானவள் இருக்க வேண்டிய இத்தா இருந்த அறைக்குள் நபீஸா ஓடி வந்தாள். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"மச்சான எங்க ராத்தா விட்டுப்போட்டு வந்த?"

விட்டுவிட்டு வந்தேனாம்! குடையை ரெயிலில் விட்டுவிட்டு வந்தவளைக் கேட்கிற மாதிரி! என் கையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். "வெளிய போ" என்றேன். போனாள். அன்றைக்குப் போனவள்தான்.

இப்போது அவள் வந்துதான் ஆகவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் எங்கள் ஊரில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் பயணம் சொல்ல வேண்டும். பழகிய வீடுகளுக்கெல்லாம் நடந்து போய், "பயணம் போறன், நான் ஏதும் பிழ செஞ்சிருந்தா மாப்புச் செய்யுங்க" என்று வாயால் கேட்க வேண்டும். பகை இருந்தால் அந்த வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். வரட்டும், வாசலில் நின்று கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்காமல் கப்பலேறி, அவருக்கு நடந்தது இவளுக்கும் நடந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. அந்தச் சொல் எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படியே கிடந்துவிடுமே.

முதலில் வந்தது நபீஸா அல்ல, அவளுடைய மகள் ஸஹீதா. கல்யாணமாகி வயிற்றில் பிள்ளையும் இருக்கிறது. வேலியில் ஓட்டையாக இருந்த பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தாள்.

"பெரியும்மா, எனக்குத் தெரிஞ்ச ஒராள் கப்பல்ல போறாவாம். வயித்தப் பிரட்டிச் சத்தி வந்தா என்ன செய்யிற எண்டு கேட்டுவரச் சொன்னா."

"ஆருகா அந்த ஒராள்?"

"ஏறாவூர்ல இரிக்கிற ஒரு மாமி."

ஏறாவூர் மாமி! பொய் சொல்லவும் ஒரு தரம் வேண்டும். இவள் தாயும் அப்படித்தான், பொய் சொன்னால் காது சிவந்துவிடும்.

"அந்த ஏறாவூர் மாமிக்குச் சொல்லு," என்றேன். "ஆத்துல தோணியில போய் சத்தி வராத ஆளெண்டு அவ பெரும பேசுவா. நம்மட ஆறு கடலில்ல எண்டு சொல்லு. கப்பலேறின உடனே நடுவுக்குள்ள இடம் பிடிக்கச் சொல்லு. முன்னுக்குப் போனா தூக்கிப் போடும், பின்னுக்குப் போனா மிசின் சத்தம். ஏணிக்குக் கீழ பாய் விரிச்சா ஏறி இறங்கிறவன்ட செருப்பெல்லாம் தலைக்கு மேல. புருஷன் மூட்டைகள எண்ணிக்கொண்டு நிப்பாரு, அவர நம்பி நிக்காம பன்பாயக் கொண்டு போய் விரிச்சு அதுல குந்தச் சொல்லு. பாய விட்டு எழும்பினா வேறொருத்தி குந்திருவா."

ஸஹீதா வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"தலையைச் சுத்தினா கிட்டத்துத் தண்ணியப் பாக்கப்படாது. தூரத்துல வானமும் கடலும் முட்டிற இடத்தப் பாக்கணும். வெறும் வயித்தோட படுக்கவும் படாது. காஞ்ச விசுக்கோத்தயும் ஊறின தேசிக்காயையும் பக்கத்துல வெச்சிக்கச் சொல்லு. நல்ல தண்ணி அளந்துதான் குடுப்பானுகள், குளிக்கிறது உப்புத் தண்ணியில. சவுக்காரம் நுரைக்காது, தலமயிர் கயிறு மாதிரியாகும். எண்ணெயப் பூசி இறுக்கிக் கட்டச் சொல்லு."

"மறுகா?"

"மறுகா மக்கத்துக்குப் போற வழியில கமறான் தீவுல எல்லாரையும் இறக்கி, உடுப்பு மூட்டையெல்லாம் வாங்கி ஆவியில அவிப்பானுகள். நோய் பரவாம இரிக்கிறதுக்காம். தோல் செருப்ப மூட்டைக்குள்ள வெச்சிராத எண்டு சொல்லு. அவிஞ்சு வந்தா பச்சப்புள்ளையின்ட செருப்பாகிரும். எனக்கு அப்படித்தான் நடந்த. மிச்சப் பயணமெல்லாம் வேற செருப்பு."

அவள் சிரித்தாள். அடுத்த நாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். கப்பலில் தொழுவது எப்படி, கிப்லா மாறினால் எப்படித் தெரியும், அடுப்பு மூட்ட விடுவார்களா என்று ஒவ்வொரு நாளும் ஏறாவூர் மாமிக்கு ஒரு கேள்வி இருந்தது. எல்லாவற்றுக்கும் சொன்னேன். சொல்லும்போது குரலை உயர்த்தியே சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாருக்கோ காது கேட்கட்டும் என்றுதான்.

ஒரு நாள் ஸஹீதா கேள்வி எதையும் கேட்காமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"என்னகா?"

"கப்பல்ல மவுத்தானா... என்ன செய்வாங்க எண்டு கேட்டா, பெரியும்மா."

அதை என்னிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்க நினைத்தவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிடுவார்கள். அன்றைக்குச் சொன்னேன்.

கப்பலில் மாலுமிகளுக்குத் தலைவனாக ஒரு சாரங்கு இருந்தார், முஸ்லிம் மனிதர். அவர் வந்து, "தாயே, நாங்க குறையில்லாமச் செய்வம்" என்றார். நல்ல தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள். குடிக்க அளந்து கொடுக்கும் தண்ணீரில் பக்கத்துப் பாய்க்காரர்கள் தங்கள் பங்கை ஊற்றிக் கொடுத்தார்கள். கபன் துணி சுற்றி, அவருக்காகத் தொழுது, காலடியில் இரும்பு கட்டினார்கள். கப்பலின் மிசினை நிறுத்தினார்கள். நாளெல்லாம் காதுக்குள் இருந்த சத்தம் சட்டென்று நின்றதும் குழந்தைகள்கூட அழாமல் இருந்தன. பெண்களைக் கிட்டே விடவில்லை, நான் மேலே ஏணிப்படியில் நின்று பார்த்தேன். பலகையைச் சரித்தார்கள். பிறகு மிசின் மறுபடியும் ஓடத் தொடங்கியது. நான் இறங்கிப் போய், விரித்துக் கிடந்த அவருடைய பாயைச் சுருட்டினேன்.

"அவ்வளவுதான்," என்றேன். "விட்டுப்போட்டு வரல்ல. ஏறாவூர் மாமிக்கு அதையும் சொல்லு."

ஸஹீதா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வேலிப் பொட்டால் போய்விட்டாள். அதன் பிறகு அவளும் வரவில்லை.

நபீஸா பயணம் சொல்லக் கிளம்பினாள். ஒவ்வொரு நாள் காலையிலும் வெள்ளைச் சேலையால் முக்காடிட்டு அவள் போவதை நான் ஜன்னல் சீலை ஓரத்தால் பார்த்தேன். முதல் நாள் பள்ளிவாசல் தெரு. பிறகு கடற்கரைப் பக்கம். நான் ஒவ்வொரு நாளும் வீடு கூட்டி, தண்ணீர் தெளித்து, புதுப் பாய் விரித்து வைத்தேன். பயணம் சொல்ல வருகிறவளுக்குக் கொடுக்க தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு தட்டுத் தொதல் கிண்டி வைத்தேன். எறும்பு மொய்த்ததைத் தட்டித் தட்டி வைத்ததுதான் மிச்சம். இடப்பக்கத்து வீட்டுக்குப் போனாள், எதிர்வீட்டுக்குப் போனாள். என் வாசல் படலையைத் தாண்டும்போது முக்காட்டை இழுத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ஆரையம்பதியிலிருந்து தயிர் கொண்டுவருகிற இலட்சுமிப்பிள்ளைதான் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

"நேத்து உங்கட தங்கச்சி எங்கட ஊட்டுக்கும் வந்தாகா. மழைக்குள்ள நடந்து வந்து, என்னயும் மாப்புக் கேட்டா. ஒரு நாள் என்ட தயிர் புளிச்சுப் போச்சு எண்டு ஏசினதாம். எனக்கெண்டா நினைவும் இல்ல. நல்ல மனிசி."

நல்ல மனிசியாம்! புளித்த தயிருக்கு ஊர் தாண்டிப் போய் மாப்புக் கேட்கத் தெரிகிறது, கூடப்பிறந்தவளின் நெஞ்சில் குத்தியதற்கு வேலி தாண்டத் தெரியவில்லை! அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முந்தி வந்தது என்று சொல்லத் தெரியாது.

பயணம் போகிற காலையும் வந்தது. மட்டக்களப்பு ரெயிலுக்குப் போக வேண்டிய பஸ் பெரிய தெருவில் நின்றது. தூறல் விடவில்லை, ஆனாலும் வழியனுப்ப ஊரே திரண்டு நின்றது. நான் போவதில்லை என்றுதான் இருந்தேன். தைக்காப் பள்ளிப் பக்கம் பைத்துப் பாட்டு ஓதும் சத்தம் கேட்டதும் இருக்க முடியவில்லை. தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலைச் சீலைக்குள் மறைத்துக்கொண்டு, சேறென்றும் பார்க்காமல் நடந்தேன்.

கூட்டம் எனக்கு வழி விட்டது. எங்கள் சங்கதி எல்லோருக்கும் தெரியும். நபீஸா பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். என்னைக் கண்டதும் அந்தக் கால் கீழே இறங்கியது.

"இலட்சுமிப்பிள்ளட ஊடு தெரிஞ்ச உனக்கு," என்றேன். "என்ட ஊடு தெரியல்லயா?"

அவள் முக்காட்டை இன்னும் இழுத்து மூடினாள்.

"வாயத் திறகா! நான் என்ன, உனக்கு ஆருமில்லயா? நாளைக்கு உனக்கு ஒண்டு நடந்தா, அல்லாட முன்னுக்கு என்னண்டு சொல்லுவாய்?"

அவள் என் கையைப் பிடித்துப் பஸ்ஸின் பின்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கிட்ட ஒருவரும் இல்லை.

"ராத்தா, மச்சான் போகக்குள்ள நினைவிருக்கா?" என்றாள். "ஊருல ஒரு ஊட்டயும் விடல்ல. வெட்டுக்குத்துப் பட்ட பகையாளிட ஊட்டுக்கும் போய் மாப்புக் கேட்டாரு. எல்லாத்தயும் முடிச்சிப்போட்டு வெறுங்கையோட கப்பலேறினாரு. அவருக்குக் கிறுகித் திரும்பி வாறதுக்கு இஞ்ச ஒரு வேலயும் மிச்சமிருக்கல்ல. அதாலதான் வரல்ல எண்டு எனக்கு அண்டையிலயிருந்தே மனசுக்குள்ள. ஸஹீதாட வயித்துப் புள்ளய நான் பாக்கணும் ராத்தா. எனக்கு ஒரு கடமையாவது ஊருல மிச்சமிரிக்கட்டும். சின்னக் கடமைக்காக அல்லாஹ் என்னக் கிறுகிக் கொண்டுவருவானோ என்னமோ. ராத்தாட்ட மாப்புக் கேக்கிற ஆகப் பெரிய கடமையைத்தான் வெச்சிட்டுப் போறன்."

பள்ளிவாசல் லெவ்வையின் காதில் இது விழுந்திருந்தால் பஸ்ஸை விட்டே இறக்கியிருப்பார். இப்படி ஒரு பைத்தியக்காரியை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? ஆயுளைக் கொடுக்கிறவன் மாப்புக் கணக்கைப் பார்த்தா கொடுக்கிறான்? ஏசுவதற்கு எனக்கு வாய் நிறையச் சொல் இருந்தது. ஆனால் அவள் என் கையை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கப்பலில் சுருட்டிய அவர் பாயை நானும் இப்படித்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மாப்பு" என்ற சொல் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

ஊறுகாய்ப் போத்தலை அவள் கையில் திணித்தேன். அவளைக் கொண்டுவந்து பஸ் படியில் ஏற்றினேன். பஸ் ஸ்டார்ட் எடுத்ததும், ஊரெல்லாம் கேட்கும்படியாகக் கத்தினேன்.

"மாப்புத் தரமாட்டன்! கேட்டாலும் இண்டைக்குத் தரமாட்டன்! நீ சொன்ன சொல்லு எனக்கு இன்னும் நெஞ்சுக்குள்ள கிடக்கு. மக்கத்துக்குப் போய், கப்பலேறி, ரெயிலேறி, கிறுகி இந்த மண்ணுல வந்து நிண்டு கேளு. தாறனா இல்லயா எண்டு அப்ப பாப்பம்!"

பைத்து ஓதியவர்கள் நிறுத்திவிட்டார்கள். பதியுதீன் ஜன்னலுக்குள்ளால் திகைத்துப் பார்த்தார். நபீஸா மட்டும் அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஓம் ராத்தா," என்றாள். "வந்து கேக்கிறன்."

பஸ் கல்லடிப் பக்கம் போனது. என்னைச் சுற்றி நின்ற பெண்கள் விலகினார்கள். பிறகு யாரோ ஒருத்தி, என் காதில் விழவேண்டும் என்றே சொன்னாள்:

"ஹஜ்ஜுக்குப் போற தங்கச்சிக்கு மாப்புக் குடுக்காத மனிசி. இவவும் ஹஜ்ஜுச் செஞ்சவவாம்."

நான் பதில் சொல்லவில்லை. என் வாயைத் தெரிந்தவர்களுக்கு அதுவே பெரிய ஆச்சரியமாக இருந்திருக்கும். பஸ்ஸின் பின்பக்கத்தில் நின்றபோதே நான் அவளை மாப்புச் செய்துவிட்டேன். அது அல்லாஹ்வுக்குத் தெரியும். நபீஸாவுக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.