பவுன் இறங்கட்டும்

என் கல்யாணம் இரண்டு தடவை தள்ளிப்போனதற்குக் காரணம் லண்டன்காரன். 1931இல் அவன் தன் காசுக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை அறுத்துவிட்டான். கொழும்பில் பவுன் விலை விறுவிறுவென்று ஏறியது. பம்பாய் வியாபாரிகள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

எனக்குப் பேசியிருந்த பலீலின் உம்மா, வெள்ளவத்தையில் கடை நடத்தும் ஜவாஹிறா மாமி, பெரிய கெட்டிக்காரி. எனக்குக் கட்டவென்று வைத்திருந்த தாலிச் சங்கிலியை ஏறிய விலைக்கு விற்றுவிட்டார். இறங்கினதும் அதே சல்லிக்கு இன்னும் கனமாக வாங்கலாமாம். இறங்கினால்தானே! மாப்பிள்ளை வீட்டார் தாலி கொண்டுவராமல் எங்களுக்குள் கல்யாணம் ஏது?

மூன்றாம் முறையும் நாளை மாற்ற மாமி எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தார். கல்யாணத்துக்கு முன் பெண் மாமியார் முன்னால் வரக்கூடாது. நான் திரைக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்குள்ள எறங்கிடும், நானா," என்று வாப்பாவை அண்ணன் முறையில் அழைத்துச் சொன்னார்.

"நோன்புப் பெருநாளைக்கும் இதத்தானே சென்னீங்க. ஊட்டுல வேற ஒன்டும் இல்லையா?"

"பலீல்ட வாப்பா வாங்கின பிளாட்டினச் சங்கிலி ஒன்டு கெடக்கு. ருஷியாவுல கலவரம் வந்து சுரங்கம் நின்ட நேரம், பவுனப் போல நாலு மடங்கு குடுத்தாரு. பொறகு ருஷியாக்காரன் திரும்ப விக்கத் தொடங்கினான், வெல விழுந்திட்டு. செட்டியார் தெரு நகைக்கடைகள்ல காட்டினா, அவங்கட உலையில உருகாதாம், வேணாமாம். பாக்கிறவங்க வெள்ளி என்டுதான் நெனப்பாங்க. அதக் கட்டினா எங்கட மானம் என்னாகும்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமி!" என்று கத்தினேன். வீடே திடுக்கிட்டது. "ஒங்கட மானத்துக்கு நான் கெழவியாகணுமா? அந்த வெள்ளையக் கொண்டு வாங்க!"

உம்மா என் வாயைப் பொத்த ஓடிவந்தார். மாமி எழுந்து வந்து திரையை விலக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யா அல்லாஹ்! இந்த வாயி எங்கட கடைக்கு வேணும்!"

அடுத்த ஞாயிறே நிக்காஹ். சங்கிலி கழுத்தில் விழுந்தபோது, "வெள்ளியாமே" என்று பெண்கள் குசுகுசுத்தார்கள். சொன்னால் சொல்லட்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இன்றும் காலையில் பேப்பர் வந்தால் மாமி முதலில் பவுன் விலையைத்தான் வாசிக்கச் சொல்வார். இறங்கினதும் எனக்குத் தங்கத்தில் தாலி வாங்கித் தருவாராம். இன்னும் இறங்கவில்லை. என் மூத்தவன் பள்ளிக்கூடம் போகிறான். இளையவள் மாமியின் மடியில் உட்கார்ந்து அந்தப் பேப்பரைக் கிழிக்கிறாள்.