கிணற்றடியில் விழுந்தது

சீருடையின் கழுத்துப் பொத்தான் ஏறவில்லை. எர்சிலியா இறந்துபோன அப்பா எத்தோரேவின் தாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். லிபியாப் போருக்குப் போனபோது தைத்தது. அதற்குப் பிறகு ரொட்டியும் ஒயினும் எத்தோரேவைச் சும்மா விடவில்லை.

"முதுகுப் பக்கம் வெட்டிடு," என்றான் லெயார்கோ. அவள் கணவன், நகராட்சியில் குமாஸ்தா. "படுத்திருக்கறவர் முதுக யாரு பாக்கப் போறா? தலைவர் வந்துட்டிருக்காரு."

கத்தரிக்கோல் எடுத்து வெட்டினாள்.

நகரத் தலைவர் மொராந்தி ஆளுங்கட்சியின் கஞ்சி போட்ட கறுப்புச் சட்டையில், மாப்பிள்ளை மாதிரி வந்தார். "வானத்துலேர்ந்து குண்டு போட்ட வீரர் நம்மூர்க்காரர். வேற எந்த ஊருக்கு இருக்கு? விமானம் வருதும்மா, கல்லறை மேல பூ போட. நீயும் ரெண்டு வார்த்தை பேசு. சுருக்கமா. கொஞ்சம் அழுதாலும் நல்லதுதான்."

எர்சிலியா தலையாட்டினாள். பேசுவதாகத்தான் இருந்தாள். கடைசியாக அப்பா கேட்டதே அது ஒன்றுதான்: "எல்லாரும் இருக்கறப்ப நீ சொல்லிடு. நான் சொன்னா சிரிக்கறானுங்க."

சிரிக்கத்தான் செய்தார்கள். மதுக்கடையில் எத்தனை வருஷமாகச் சொன்னார். ஆரஞ்சுப் பழம் அளவில் நாலு குண்டு, தோல் பையில். வெடிமுனைகள் தனியாகச் சட்டைப் பையில். ஒரு கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டே, குண்டைத் தொடையிடுக்கில் வைத்து, வெடிமுனையைத் திருகி, ஊசியைப் பல்லால் பிடுங்கி, இறக்கையில் படாமல் வெளியே எறிய வேண்டும்.

"குறியா? ஓடற குதிரை வண்டியிலேர்ந்து முட்டைய எறிஞ்சு பாரு, தெரியும். எதிரி முகாமுக்குன்னு எறிஞ்சேன். கிணத்தடியில விழுந்துச்சு. பொம்பளைங்க தண்ணி எடுத்துட்டிருந்தாங்க."

உடனே யாராவது முதுகில் தட்டுவார்கள். "நம்ம எத்தோரேவுக்கு என்ன அடக்கம் பாருய்யா." இன்னொரு கோப்பை ஊற்றப்படும்.

கல்லறைத் தோட்டத்தில் மொராந்தி கழுகின் கண்ணைப் பற்றிப் பேசினார். சிங்கத்தின் கரத்தைப் பற்றிப் பேசினார். அந்தக் கரம் எறிந்த எதுவும் இலக்குத் தவறியதில்லை என்றார். பாதிரியார் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார்.

"நன்றி மட்டும் சொல்லிட்டு வந்துடு," என்று லெயார்கோ அவள் காதருகே முணுமுணுத்தான். "எனக்கு இன்னும் வேலை வேணும்."

அவள் குழியருகே போனாள். கைக்குட்டைகள் தயாராக வெளியே வந்தன.

"எங்கப்பா போட்ட குண்டு முகாம்ல விழல," என்று தொடங்கினாள்.

சைப்ரஸ் மரங்களுக்கு மேலே விமானம் வந்தது, சொன்ன நேரத்துக்கு முன்பே, மிகத் தாழ்வாக. தொப்பிகள் பறந்தன. அவள் நிறுத்தவில்லை. கிணற்றைச் சொன்னாள், பெண்களைச் சொன்னாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. இரைச்சல் தாண்டிப் போனபோது அவள் சொல்லி முடித்திருந்தாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். மொராந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கைதட்டல் ஓய்ந்தது. இப்போது சொன்னால் எல்லோருக்கும் கேட்கும். எல்லோரும் இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொன்ன?" என்று லெயார்கோ கேட்டான்.

எர்சிலியா கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நன்றி சொன்னேன்."

விமானம் போட்ட பூக்கள் கல்லறைத் தோட்டச் சுவரைத் தாண்டி, பக்கத்துப் பீட்ரூட் வயலில் விழுந்திருந்தன. "காத்து," என்றார் மொராந்தி. நகராட்சி ஆட்கள் பாலிஷ் போட்ட பூட்ஸ் சேற்றில் புதையப் புதைய நடந்து, ஒவ்வொரு பூவாகக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்கள்.