யசோதினியின் வட்ட முகம்

என் மனைவி யசோதினிக்கு வைத்தியம் பார்த்தது நான்தான். படித்தது ஒன்பதாம் வகுப்பு, தொழில் ஆட்டோ. ஸ்பிரிங்வெளிக்கும் பதுளைக்கும் இடையிலுள்ள வளைவுகள் எல்லாம் எனக்கு அத்துப்படி என்பதால், மனித உடம்புக்குள் இருக்கிறவையும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

அவளுக்கு விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் கை மடங்காது. கொழுந்து பறிக்கிற கை மடங்காவிட்டால் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் போய் நின்று என்ன செய்வது? கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் வேலை போய்விடும். பதுளையில் ஒரு பாமசிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். சின்னச் சின்ன வெள்ளைக் குளிசைகளைக் கடதாசி உறையில் போட்டுக் கொடுத்தார். உறையில் பெயர் இல்லை. நானும் கேட்கவில்லை. எழுதியிருந்தால் மட்டும் வாசித்துக் கிழித்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் அவள் துணி துவைத்தாள். முறுக்கிப் பிழிந்ததில் என் சட்டைப் பொத்தான் தெறித்துப் போனது.

"என்னாங்க, கை திரும்பி வந்துருச்சி."

"வைத்தியம் பாத்தது யாரு?"

"ஆமா, பெரிய டொக்டரு. மொதல்ல பொத்தான தேடுங்க."

எட்டு மாதம் அந்த உறையை வாங்கிக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த ரெங்கம்மாக்காவுக்கு முழங்கால் வலி, அவருக்கும் வாங்கினேன். யசோதினியின் ஒட்டிய கன்னம் உப்பி, முகம் வட்டமானது. கையில் லேசாக இடித்தாலும் நீலம் பூத்தது. தேயிலைச் செடி குத்தியது என்று வைத்துக்கொண்டோம்.

"ஜெயரூபன் தம்பி பொண்டாட்டிய நல்லாத்தான் பாத்துக்கிறாரு. எப்புடி சத போட்டிருக்கா பாருங்க," என்றார் ரெங்கம்மாக்கா.

நான் மறுக்கவில்லை. ரொட்டியும் சம்பலும் தவிர வேறெதையும் வாங்கிப் போட்டுக் கிழித்ததில்லை என்றாலும், ஆட்டோவில் ஏறியவர்களிடமெல்லாம் அவள் முகத்தைப் பற்றிப் பேசினேன்.

மாரியம்மன் திருவிழா வந்தது. கை குணமானதற்குப் பால்குடம் எடுப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். காப்புக் கட்டினால் ஒன்பது நாள் ஒருவேளைச் சோறு, தரையில் படுக்கை.

"குளிச?" என்றேன்.

"காப்பு கட்டிட்டு மருந்து குடிச்சா ஆத்தாள நம்பலன்னு ஆயிரும். அதான் சொகமாயிருச்சில்ல?"

"அதுவும் சரிதான்." டொக்டர் அனுமதி கொடுத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் எழுந்திருக்க முடியாமல் சுருண்டு கிடந்தாள். ஏழாம் நாள் வாந்தி. விரதக் களைப்பு என்றார்கள். நான் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"முடியலன்னா விட்டுரு யசோ."

"நேந்துகிட்டது இந்தக் கைக்குங்க. கை நல்லாருக்கைல எப்புடி விடுறது?"

ஒன்பதாம் நாள் ஆற்றடியிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. கோயில் தெரிகிற வளைவில் அவள் தள்ளாடினாள். கண் சொருகியது. குடம் சரிந்து பால் பாதையில் ஓடியது.

"ஆத்தா வந்துட்டா," என்றது ஒரு குரல்.

மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையால் தடவினார்கள். விழுந்து கிடந்தவளைச் சுற்றித் தப்பு இன்னும் வேகமாக முழங்கியது. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் நான் என் பெண்டாட்டியைக் கும்பிட்டது அன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு, அரை மணி நேரம். அவள் அப்போது செத்துக்கொண்டிருந்தாள்.

காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தபோது கால் சில்லிட்டிருந்தது. தூக்கி ஆட்டோவில் போட்டேன்.

"என்ன மருந்து குடிக்கிறாங்க?" என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்.

"ஒன்னுமில்லங்க டொக்டர். ஒம்போது நாளா ஒரு குளிசகூட தொடல." பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எட்டு மாதமாக நாங்கள் எல்லோரும் பார்த்த அதே முகம். கையிலிருந்த நீலங்களைப் பார்த்தார்.

"அதுக்கு முன்னால?"

ரெங்கம்மாக்காவுக்கு வாங்கிய உறை என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஒரு குளிசையை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தவர், தாதியிடம் அவசரமாக ஊசி மருந்து சொன்னார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"இது ஸ்டீரொயிட். மாசக்கணக்கா குடிச்சா, உடம்பு தானா சுரக்க வேண்டியத சுரக்காம விட்டுரும். அப்புறம் திடீர்னு நிப்பாட்டுனா தாங்காது. யார் குடுத்தது?"

"நான்தாங்க," என்றேன்.

ஊசி போட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள். பின்னேரம் நாலு மணிக்கு அவள் போய்விட்டாள்.

மறுநாள் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் அழுதார்கள். "நெறஞ்ச மொகத்தோட போறாளே," என்றார்கள். அப்போதும் எனக்குரிய பாராட்டை யாரும் குறைக்கவில்லை.

ரெங்கம்மாக்கா சுவரைப் பிடித்தபடி என்னிடம் வந்தார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது தம்பி. குளிச முடிஞ்சி ரெண்டு நாளாச்சி. தல சுத்துது, ஒரே வாந்தியா வருது. ஒன்னு ரெண்டு மிச்சம் இருக்கா?"

நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகமும் வட்டமாகத்தான் இருந்தது.

"வாங்கக்கா, ஆட்டோவுல ஏறுங்க."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. எட்டு மாசமா நான் என்னா குடுத்தேன்னு அங்க சொல்லணும்."

"இன்னும் பெட்டியகூட எடுக்கலியே தம்பி."

"நான் வாரவரைக்கும் அவ இருப்பா."

பின் சீட்டில் மஞ்சள் தண்ணீர்க் கறை அப்படியே இருந்தது. ரெங்கம்மாக்கா முந்தானையால் அதைத் துடைக்கப் போனார்.

"தொடைக்காதீங்கக்கா," என்றேன். "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க."