முத்துத்தேரைக்கு ஓட்டுப் போடுங்கள்

1

இந்தக் கதையை என் தங்கையிடமிருந்து சுட்டேன். அவளுக்கும் தெரியும். "எழுதிக்கோண்ணா, ஆனா தேரையைப் பத்திப் பொய் மட்டும் எழுதாதே" என்று அனுமதி தந்தாள். அவள் தவளை, தேரைகளை ஆராய்கிறவள். இப்படி ஒரு நிபந்தனை போட்டால் கதை எழுதுகிறவன் எப்படிப் பிழைப்பான் என்று அவள் யோசிக்கவில்லை.

முதல் தொடக்கம்: அந்திச் சூரியன் குட்டை நீரில் தன் செங்கூந்தலை விரித்து... (வேண்டாம். அந்த நேரத்தில் குட்டையில் ஒரு பிளாஸ்டிக் பைதான் மிதந்தது.)

இரண்டாவது: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு குட்டை இருக்கிறது. அதை மூடிக் கார் நிறுத்தலாமா என்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. மூடிவிட்டால், இந்தப் பக்கத்துச் சொறித்தேரைகளுக்கு முட்டையிட வேறு இடமில்லை.

இது தேவலாம். இப்படியே போவோம்.

2

லிஃப்டுக்குப் பக்கத்தில் தங்கை ஒரு சுவரொட்டி ஒட்டினாள்: 'சொறித்தேரையைக் காப்போம்.' அடியில் யாரோ பேனாவால் 'எதற்கு?' என்று எழுதிவிட்டுப் போனார்கள். மூன்றாம் மாடி அக்கா அதைப் படித்துவிட்டுக் கையைச் சொறிந்துகொண்டே நடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.*

(*தங்கை இதை மறுக்கிறாள். கொசு கடித்திருக்குமாம். அந்தக் கொசுவைத் தின்பதே தேரைதானாம்.)

பெயரை மட்டும் மாற்றிக் கேட்டாலே, அதே பிராணியைக் காப்பாற்ற ஆள் கூடுமாம். சொன்னவள் அவள்தான். அதனால் என்னிடமே வந்து நல்ல பெயராக ஒன்று கேட்டாள். பொன்மேனித் தேரை என்றேன். பொன் எங்கே என்றாள். இளவரசித் தேரை என்றேன். முறைத்தாள். கடைசியில் டார்ச்சைக் கையில் கொடுத்துக் குட்டைக்கு இழுத்துப்போனாள். ஈரக் கல்லில் ஒன்று உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் பட்டதும் முதுகுப் புடைப்பெல்லாம் மினுமினுத்தன.

"முத்துத்தேரை" என்றேன்.

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "இதுல பொய் இல்ல" என்றாள்.

3

'முத்துத்தேரையைக் காப்போம்' என்று புதுச் சுவரொட்டி ஒட்டியதும் குடியிருப்பே தலைகீழாக மாறிவிட்டது. மூன்றாம் மாடி அக்கா வீடு வீடாகப் போய் ஆதரவு திரட்டினார். கார் நிறுத்தும் யோசனையைக் கிளப்பிய சங்கச் செயலாளரே எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்தார். முத்துத்தேரைக்காக எதையும் செய்யத் தயார் என்றார். தங்கைக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கோ தலைகால் புரியவில்லை; பெயர் வைத்தது நானல்லவா!

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "ஆனா ஒண்ணும்மா. அந்தக் குட்டைல சொறித்தேரைங்க ரொம்பப் பெருத்துப்போச்சு. நம்ம முத்துத்தேரை பாவம், எங்க போகும்? ஞாயித்துக்கிழமை காலைல வலையோட ஆள் வரச் சொல்லிட்டேன். அத்தனையும் அள்ளிட்டுப் போயிடுவாங்க."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது: குட்டை பிழைக்கும், தேரை பிழைக்காது.

4

இந்தச் செயலாளரை நீங்கள் நம்ப மாட்டீர்கள். எனக்கே சந்தேகம் வந்து, ஒரு வரைவில் அவரைப் பொல்லாதவராக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. குட்டையில் தண்ணீர் போதுமா, முத்துத்தேரைக்கு வெயில் தாங்குமா என்று தினமும் போன் செய்து கேட்கிற மனிதர் அவர். நல்லவர். சிக்கலே அதுதான்.

முடிவு ஒன்று: ஏதாவது சாக்குச் சொல்லி வலைக்காரர்களை நிறுத்திவிட்டு, நாங்கள் கமுக்கமாக இருந்துவிடுகிறோம். (தங்கை: "பொய்.")

முடிவு இரண்டு: டீ குடிக்கும்போதே, இரண்டும் ஒரே தேரைதான் என்ற உண்மையைப் போட்டு உடைக்கிறோம். ஏமாந்துவிட்டோமே என்ற ரோஷத்தில் அவர் காருக்கு ஓட்டுப் போட, குடியிருப்பே அவர் பின்னால்... (இதை எழுத எனக்கே மனசு வரவில்லை.)

"அவர் கையிலயே குடுத்துடலாம்ணா" என்றாள் தங்கை.

5

சனிக்கிழமை சாயங்காலம், லேசான தூறல். குட்டைக்கரையில் மூன்று பேரும் நிற்கிறோம். செயலாளரின் கையை நனைக்கச் சொன்னாள் தங்கை. உலர்ந்த கை தேரைத் தோலுக்கு ஆகாது. உள்ளங்கையில் ஒன்றை மெல்ல வைத்தாள். நான் டார்ச் அடித்தேன்.

"முத்தேதான்" என்றார் அவர். குரல் தழைந்துவிட்டது. "எவ்வளவு அழகா இருக்கும்மா."

அப்போது புல்லிலிருந்து இன்னொன்று தத்தி வந்து அவர் செருப்பின்மேல் ஏறி உட்கார்ந்தது. கீழே பார்த்தார். அதே புடைப்பு, அதே உருட்டு விழி. கையைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார்.

"அப்போ... இது?"

தங்கை வாயைத் திறந்து

(இங்கே பேனாவை வைத்துவிட்டேன். ஒரு பெயர் வைத்து நான் பட்ட பாடு போதும்.)

விடிந்தால் வலை வரும், ஓட்டும் வரும். அவர் இன்னும் காலை அசைக்காமல்தான் நிற்கிறார், செருப்பின்மேல் இருப்பது பயந்துவிடக் கூடாதே என்று. அவர் கேட்ட கேள்வி இப்போது உங்களிடம்தான். பதிலைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.