சனிக்கிழமை வெள்ளம்

புள்ளி தன் சொந்த அக்காவின் வீட்டை வெள்ளத்தில் மூழ்கடித்தது ஒரு திங்கட்கிழமை காலை, ஏசி அறையில், காலை ஆட்டிக்கொண்டே. ஆற்றின் அளவுகளைக் கணினியில் போட்டான். நூறு ஆண்டில் ஒருமுறை வரக்கூடிய பெருவெள்ளம் ஐந்து மீட்டர் உயரும் என்று கணக்கு சொன்னது. ஐந்து மீட்டர் என்றால் வரைபடத்தில் பாலத்தடித் தெரு முழுக்கச் சிவப்பு. அந்தத் தெருவில் ஏழாம் எண் வீடு அக்காவுடையது.

பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள், பாவம். புள்ளியியல் படித்து நீர்வள ஆய்வு நிலையத்தில் சேர்ந்த நாளிலிருந்து வீட்டிலும் வெளியிலும் அவன் புள்ளிதான். பத்து வருடமாக வெள்ளத்தை ஆராய்கிறான். ஆற்றங்கரைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுத்ததில்லை. ஈரக்காற்று பட்டால் அவனுக்கு மூக்கடைத்துக்கொள்ளும். ஆறு என்பது அவனைப் பொறுத்தவரை பாலத்துக்கு அடியில் தொங்கும் ஒரு கருவி அனுப்பும் எண்கள். அந்தக் கருவி கீழ்நோக்கி ஓர் அலையை அனுப்பும். அது எதிலே பட்டுத் திரும்புகிறதோ அதுதான் நீர்மட்டம். பாவப்பட்ட கருவி, அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

மூன்று வருடமாக அந்தக் கருவி ஒரு விந்தையைக் காட்டிவந்தது. வானம் வெளுத்துக் கிடக்கும். மழை எங்கேயும் இருக்காது. திடீரென்று நீர்மட்டம் ஒரு மீட்டரிலிருந்து இரண்டேகாலுக்குத் தாவும், சிலசமயம் இரண்டே முக்காலுக்கு. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடும். இப்படி நூற்று நாற்பத்தொரு முறை. அதில் பெரியது மூன்று மீட்டர் இருபது, இரண்டு மணி பத்து நிமிடம் நின்றது. வேறு யாராக இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருப்பார்கள். புள்ளி அதற்குப் பெயர் வைத்தான். ‘மழையில்லா வெள்ளம்.’ மேலே எங்கோ யாரோ திருட்டுத்தனமாக மதகைத் திறந்துவிடுகிறார்கள் என்று முப்பது பக்கம் எழுதினான். இயக்குநர் அம்மா, யாரையும் லேசில் பாராட்டாதவர், அதைப் படித்துவிட்டு அவனுக்கு ஜன்னலோர மேசை கொடுத்தார்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மக்கள் கூட்டம். அதில் வரைபடம் உறுதியானால் சிவப்புக்குள் இருக்கும் வீடுகளைக் காலி செய்ய வேண்டும். அக்கா அழவில்லை, தம்பியைத் திட்டவுமில்லை. பேச்சைத்தான் நிறுத்தினாள். அது திட்டுவதைவிட மோசம். வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்ததையெல்லாம் மாடிக்கு ஏற்றத் தொடங்கினாள். ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம், இரட்டைக் கதவு இரும்பு பீரோ. கூலியாளாகத் தம்பிக்கு அழைப்பு வந்தது, அதுவும் பக்கத்து வீட்டுக்காரி மூலமாக.

மாமா தூக்கவில்லை. அக்கா கணவருக்கு மூன்று வருடமாக இடுப்பு வலி. சனிக்கிழமை தவறாமல் காலையில் சிகிச்சைக்குப் போய்வருவார். இந்த மூன்று வருடத்தில் அந்த வீட்டில் ஒரு வாளித் தண்ணீரைக்கூட அவர் தூக்க அக்கா விட்டதில்லை. எனவே மாமா நாற்காலியில் சாய்ந்து, இடுப்பில் கைவைத்து, வழிகாட்டிக்கொண்டிருந்தார். பீரோவைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்க்கச் சொன்னார். சாய்த்தார்கள். பீரோ புள்ளியின் கால் கட்டைவிரலில் இறங்கியது. அவன் கத்திய கத்தலில் அக்கா மனசு இளகி, நான்கு நாளுக்குப் பிறகு முதல்முறையாக வாயைத் திறந்தாள். அந்த நூற்று நாற்பத்தொரு வெள்ளத்தின் பட்டியலைக் காட்டு என்றாள்.

அக்கா பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்களுக்கு முறைப்பட்டியல் போடுகிறவள். தேதியைச் சொன்னால் கிழமையைச் சொல்வாள், காலண்டர் வேண்டாம். புள்ளியின் கணக்குக்குத் தேவைப்பட்டது எத்தனை மீட்டர் என்பது மட்டுமே. தேதியை அவன் வரிசை எண்ணாகத்தான் பார்த்தான். வெள்ளத்துக்குக் கிழமை எதற்கு? அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனாள். கடைசி வரியில் விரல் நின்றது.

“எல்லாம் சனிக்கிழமைடா. பத்தரைக்கு வருது, ஒன்றரைக்குள்ள போயிடுது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போற வெள்ளத்தை நான் இப்பதான் பாக்கறேன்.”

நாற்காலியில் மாமாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமிக்கொண்டே எழுந்து, இடுப்பு வலியை மறந்து, சரசரவென்று வெளியே போனார். இருவரும் பட்டியலில் மூழ்கியிருந்ததால் கவனிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. புள்ளி காதில் பஞ்சு, கழுத்தில் துண்டு, மூக்கில் முகக்கவசம் சகிதம் பாலத்துக்கு அடியில் இறங்கினான். கருவி அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பொருத்தியவர் ஏணி எட்டிய இடத்தில் பொருத்திவிட்டுப் போயிருந்தார். நேர் கீழே தூணை ஒட்டி ஒரு சிமென்ட் மேடை, அதன்மேல் ஒரு சாண் தண்ணீர். குளுகுளுவென்று நிழல். மேடையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி. அதன்மேல், காலைத் தண்ணீரில் நனைத்தபடி, தொப்பியும் தூண்டிலுமாக மாமா.

தான் மூன்று வருடம் கொஞ்சிச் சீராட்டிய வெள்ளம் பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் புள்ளி கண்கொட்டாமல் பார்த்தான். மீன் கடித்ததும் மாமா எழுந்து நின்றார். இரண்டே முக்கால் மீட்டர், என்றது அவன் மனம் தன்னையறியாமல்.

மாமா அவனைக் கண்டதும் பேயறைந்தவர்போல் ஆனார். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் கெஞ்சல். வாரம் முழுக்க அலுவலகத்தில் தொலைபேசியில் மற்றவர்கள் புகாரைக் கேட்கிற வேலை, வாரத்துக்கு மூன்று மணி நேரம் யாரும் பேசாத இடம் வேண்டியிருந்தது என்றார். முதல் வாரம் சும்மா இடுப்பு வலி என்று சொன்னாராம், பிறகு அக்கா காட்டிய பரிவில் உண்மையைச் சொல்ல முடியாமல் போயிற்றாம். நேற்று வரைக்கும் தன் தலைதான் அந்த வெள்ளம் என்று அவருக்கே தெரியாது. இன்றைக்குக் கடைசியாக ஒருமுறை வந்தாராம். அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று மைத்துனன் கையைப் பிடித்துக்கொண்டார். கையில் மீன் இருந்தது.

புள்ளி இரக்கப்பட்டு ஒப்புக்கொண்டான். வீடு காப்பாற்றப்பட்டால் போதும், மாமா பெயர் எதற்கு?

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் தெருவே திரண்டிருந்தது. முதல் வரிசையில் அக்கா, மடியில் வீட்டுப் பத்திரம். பக்கத்தில் இடுப்புப்பட்டையுடன் மாமா. புள்ளி மேடையேறி, கருவிக்குக் கீழே சனிக்கிழமைதோறும் ‘ஓர் இடைஞ்சல்’ இருந்ததாகவும், அந்த நூற்று நாற்பத்தொரு அளவுகளையும் நீக்கிவிட்டால் பெருவெள்ளம் மூன்று மீட்டரைத் தாண்டாது, தெருவுக்கு ஆபத்தில்லை என்றும் சொன்னான். சொல்லும்போதே ஜன்னலோர மேசை தன்னைவிட்டு நகர்வது கண்ணில் தெரிந்தது. வலிக்கத்தான் செய்தது.

இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நிலையத்தில் ஒரு விதி உண்டு. காரணமும் சாட்சியும் எழுதாமல் ஒரே ஓர் அளவைக்கூட அழிக்கக் கூடாது. தனக்குப் பிடிக்காத எண்ணை அழித்துக்கொண்டே போனால் எந்த ஆற்றிலும் வெள்ளம் வராது என்பார். என்ன இடைஞ்சல் என்று கேட்டார். மரக்கட்டை என்றான் புள்ளி. சனிக்கிழமை மட்டும் வரும் மரக்கட்டையா என்றார். காரணம் தெரியாவிட்டால் அளவுகள் அப்படியே நிற்கும், வரைபடமும் நிற்கும் என்று சிவப்பு முத்திரையைக் கையில் எடுத்தார்.

அக்கா பத்திரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு துடித்ததைப் புள்ளி பார்த்தான். மாமாவும் பார்த்தார். புள்ளி வாயைத் திறப்பதற்குள் முதல் வரிசையில் ஒரு கை எழுந்தது.

“அம்மா, அந்தக் கட்டை நான்தாங்க.”

மாமா உட்கார்ந்தால் இரண்டேகால், நின்றால் இரண்டே முக்கால் என்று தூண்டில் விவகாரத்தை ஒன்றுவிடாமல் ஒப்புவித்தார். இயக்குநர் அம்மா முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் படிவத்தில் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு பேனா நின்றது. அந்த மூன்று மீட்டர் இருபது, இரண்டு மணி பத்து நிமிடம், அது என்ன என்றார்.

மாமா தரையைப் பார்த்தார். அன்றைக்குக் கரையிலிருந்து ஒரு வாத்து வந்தது என்றார். பெரிய வாத்து, கொத்துகிற ஜாதி. அதனால் முக்காலிமேல் ஏறி நின்றதாகவும், அது போகிற வரைக்கும் இறங்கவில்லை என்றும் சொன்னார்.

நூற்றாண்டின் பெருவெள்ளத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் ‘வாத்து’ என்று எழுதப்பட்டது. சாட்சிக் கையெழுத்தை மாமா போட்டார். அது ஆறு வளைந்து போவதுபோல் வந்தது. தெருவே கைதட்டியது. சிவப்பு முத்திரை பெட்டிக்குள் திரும்பிப் போனது. புள்ளி தன் முப்பது பக்கத்தை மடித்துப் பைக்குள் செருகினான். பத்து வருடத்தில் முதல்முறையாக ஆற்றைப் போய்ப் பார்த்ததற்காக, வெட்கத்தோடு சேர்ந்து, சந்தோஷப்பட்டான். வாரத்துக்கு ஒரு நாள் ஆற்றுக்குப் போய் வர வேண்டும் என்று இயக்குநர் அம்மா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். ஜன்னலோர மேசையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அக்கா மட்டும் கைதட்டவில்லை. வீடு தப்பியதில் கண் கலங்கியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு கணவரின் இடுப்புப்பட்டையை நிதானமாக அவிழ்த்து, சுருட்டி, தன் பைக்குள் வைத்தாள். வீடு வரை முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில் நின்று மாடியை அண்ணாந்து பார்த்தாள். ஃபிரிட்ஜ், துவைக்கும் இயந்திரம், பீரோ எல்லாம் மேலே பத்திரமாக இருந்தன.

புள்ளி உதவிக்குச் சட்டைக் கையை மடித்தான். அக்கா அவனைத் தடுத்து, கீழ்த்தளத்து நாற்காலியைக் காட்டினாள்.

“உனக்குக் கட்டைவிரல் வலி. நீ உட்காந்து வழி சொல்லு. மாமா இறக்குவார்.”

மாமா படியேறினார். முதலில் பீரோ. புள்ளி நாற்காலியில் சாய்ந்து, கொஞ்சம் இடப்பக்கம் சாய்க்கச் சொன்னான்.