சுவரில் ஏறிய பத்து வெற்றிகள்

1

"என் வீட்டுக்காரர் நாலுதானே ஜெயிச்சிருக்கார்? பதினாலுன்னு எழுதி வெச்சிருக்கியே, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"ஒரு மரியாதைக்காகத்தான் அக்கா..."

"உன் மரியாதையைக் கழுதைக்குப் போடு! நாலு ஜெயிச்சவன் விழுந்து விரலைத் தூக்கினா, பாவம், விட்டுடுன்னு ஜனங்க கத்துவாங்க. பதினாலு ஜெயிச்சவன் தூக்கினா? நடிக்கிறான், வெட்டுன்னுதான் கத்துவாங்க. அழிடா அதை."

2

திட்டுகிறவள் ஸ்பெண்டூசா. அவள் கணவன் ரப்பிதுஸ், கூட்டம் பார்க்க அரங்கில் வலைவீசி, சூலத்தால் குத்திச் சண்டையிடுகிறவன். திட்டு வாங்குகிறவன் ஓனெசிமுஸ். பழைய ரோமானிய ஊரான நோலா நகரத்துச் சுவர்களில் செங்காவியால் சண்டை விளம்பரம் எழுதுகிறவன்.

நான் முதலில் எழுத நினைத்தது இவர்களை அல்ல. சண்டைக்காரர்களின் பெயரோடு, எத்தனை சண்டை, எத்தனை வெற்றி என்று அந்தக் காலத்தில் சுவரில் எழுதுவார்கள் என எங்கோ வாசித்தேன். உடனே களத்துக்கே ஓடி இப்படி ஆரம்பித்தேன்:

மணல் சிவந்தது. எக்காளங்கள் முழங்க, ஆயிரம் தொண்டைகள்

(வேண்டாம். மணலைத் தொட்டால் நான் அழகாக எழுத ஆரம்பித்துவிடுகிறேன். அங்கே ஒருவன் சாகப்போகிறான்.)

3

ஓனெசிமுஸ் ஏன் பொய் எழுதினான்? முதல் பிரதியில் லஞ்சம் வாங்கினான். அடித்துவிட்டேன். லஞ்சம் வாங்கியவன் நிம்மதியாகத் தூங்கிவிடுவான், கதை நகராது. இரண்டாவதில் குடித்திருந்தான். அதுவும் சரிவரவில்லை, குடித்தவன் கை இவ்வளவு நேராக எழுதாது.

இப்போது இருப்பது இதுதான்: ரப்பிதுஸ் அவனுடைய நண்பன். நண்பன் பெயருக்குப் பக்கத்தில் நாலு என்பது அவனுக்குச் சின்னதாகத் தெரிந்தது. பாசத்தில் பத்து வெற்றிகளைச் சேர்த்து எழுதினான். ஒன்பது சுவர்களில்.

4

அழிக்கத்தான் செய்தான். சுண்ணாம்பு வாளியோடு முதல் சுவரில் ஏணி சாத்தியதுமே, எதிர்க்கடை ரொட்டிக்காரன் வெளியே வந்தான்.

"என்னப்பா, பதினாலு இல்லையா?"

"தப்பா எழுதிட்டேன் மாமா."

"அப்படிச் சொல்லு! என்னடா குறைச்சலா இருக்கேன்னு பார்த்தேன். அப்போ இருபதா?"

"நாலு மாமா, நாலு!"

"ஆமாமா, நாலு!" ரொட்டிக்காரன் கண்ணடித்தான். "மறைக்கச் சொல்லிட்டாங்க போல. எனக்கு மட்டும் சொல்லு, வெளியே விடமாட்டேன்."

ஒன்பதாவது சுவர் வெள்ளையாவதற்குள், ரப்பிதுஸ் ஊர்வாயில் இருபத்தாறு சண்டைகள் ஜெயித்துவிட்டான்.

5

சண்டை நாள். வலை எதிராளியின் கேடயத்தில் சிக்கியது. ரப்பிதுஸ் இழுத்தான்; கேடயத்தோடு எதிராளியும் வந்து மோதினான். சூலம் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். படுத்தபடியே விரலை* உயர்த்தினான்.

எதிராளி வாளை நிறுத்தினான். விழா நடத்தும் பெரியவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் எதைக் கத்துகிறதோ, அதைத்தான் அவர் சொல்வார்.

"இருபத்தாறு ஜெயிச்சவனாம்! படுத்துக்கிட்டான் பாரு!"

"எழுந்திருடா நடிகா!"

"வெட்டு!"

பெண்களின் இடம் உச்சிப் படிவரிசை. ஸ்பெண்டூசா அங்கிருந்து கத்துவது கீழே வாயசைவாக மட்டும் தெரிந்தது.

* தோற்றவன் உயிர்ப்பிச்சை கேட்கும் சைகை. பார்வையாளர்களின் கட்டைவிரல் வேறு சமாச்சாரம். அது மேலேயா கீழேயா என்று அறிஞர்களே அடித்துக்கொள்கிறார்கள். நான் நடுவில் போகவில்லை.

6

முடிவு அ: பெரியவர் மன்னிக்கிறார். எழுதிப் பார்த்தேன். என் மனம் குளிர்வதற்காகவே மன்னித்ததுபோல் இருந்தது.

முடிவு ஆ: வாள் இறங்குகிறது, ஸ்பெண்டூசா

(இந்த வாக்கியத்தை நான்கு நாளாக முடிக்க முடியவில்லை.)

ஆகவே, பெரியவர் கையை உயர்த்துவதற்கு முந்திய நொடியிலேயே கதையை நிறுத்துகிறேன். ஓனெசிமுஸ் எழுந்து நின்று "விட்டுடுங்க!" என்று தனியாகக் கத்திக்கொண்டிருக்கிறான். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவனுக்கு வலப்பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்று நான் முடிவு செய்யவில்லை. அந்த இடம் காலி. நீங்கள் உட்காருங்கள். கல் சுடும், பரவாயில்லை.

அவன் உங்கள் பக்கம் திரும்புகிறான். குரல் கம்மிவிட்டது.

"அண்ணே, அவன் நாலுதான் ஜெயிச்சான். பொய் எழுதினவன் நான்தான். என்னை அப்புறமா என்ன வேணா செய்யுங்க. இப்போ என்கூட ஒரே ஒரு தடவை, விட்டுடுன்னு கத்துங்கண்ணே."