சோதனைப் படம்

தபோதரன் தமிழ்க் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். மனைவி சுபானியின் ஆண்டுத்திவசம் இன்னும் முடியாததால் இந்தக் கோடையில் கல்யாண வீட்டார் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அதனால்தான் ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகருக்கு வெளியே நடந்த ரோடியோ என்ற முரட்டுக் குதிரைச் சவாரிப் போட்டியில் கௌபாய்களையும் அவர்களை வரைய வந்த ஓவியர்களையும் படம் எடுக்க ஒத்துக்கொண்டான்.

முதல் குதிரை வருமுன் கமராவைத் தூக்கியவன், பழக்கத்தில், "கொஞ்சம் இடப்பக்கம் நில்லும்" என்று கை காட்டினான்.

வெளிச்சம் பார்க்க எப்போதும் சுபானிதான் முன்னால் நிற்பாள். "கெதியா எடுங்கோ. பார்த்திட்டு அழிச்சுப்போடுங்கோ. பொம்பிளை மாப்பிள்ளையின்ர படத்துக்கு முன்னால என்ர மூஞ்சி என்னத்துக்கு?" என்பாள். சொன்னபடியே அழித்துவிடுவான். எட்டு வருடத்தில் எடுத்த அந்த முதல் படங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வேலியோரம் வரைந்துகொண்டிருந்த ஜெர்மன்காரி ஒருத்தி, அவன் கையைப் பார்த்து இடப்பக்கம் நகர்ந்து நின்றாள். கன்னத்தில் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. எடுத்தான். வெளிச்சம் சரியாக இருந்தது.

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். "ஐயோ, இதை அழித்துவிடுங்கள்!" என்று ஜெர்மன் மொழியில் சொல்லிச் சிரித்தாள்.

"ஏலாது" என்றான் அவன், தமிழில்.

கதவு திறந்து முதல் குதிரை பாய்ந்தது. அதை இரண்டாவது படமாக எடுத்தான்.